வாசலிலிருந்து ஊசி வரை ஓடியவர்களுக்கு

108 ஆம்புலன்ஸ் தோழர்களுக்கும், அவசரப் பிரிவு, ஸ்கேன் அறை, மருந்தகம், பதிவு மேசை, வாயிற்காவல் என எல்லா இடத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

பணி மாறுதலில் வேறு மாவட்டம் போகிறேன். பிரிவுபசார விழாவில் பக்கவாத சிகிச்சைக்காகப் பாராட்டப்பட்டவர்கள் எல்லாருமே மருத்துவர்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. விட்டுப்போனவர்களுக்காக இந்த மடல்.

மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் நோயாளி வாசலுக்கு வந்த பின்னும் நேரம் கரைந்துகொண்டே இருந்தது. சீட்டுப் போடும் வரிசையில் கொஞ்சம், லிஃப்ட் முன்னால் கொஞ்சம், ஸ்கேன் அறைச் சாவியைத் தேடுவதில் கொஞ்சம், "பெரியப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்" என்பதில் மிச்சம்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998இல் நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்) 105 நிமிடம் ஆனது. 2011இல் அது 20 நிமிடம். ஆம்புலன்ஸிலிருந்தே தகவல் சொன்னார்கள், ஸ்கேன் எந்திரத்தை அவசரப் பிரிவுக்கே கொண்டுவந்தார்கள், நோயாளியை நேராக ஸ்கேன் மேசைக்குக் கொண்டுபோய் அங்கேயே மருந்தை ஏற்றினார்கள். தேநீர் நேரத்தில் இதை நான் சொன்னபோது பலர் சிரித்தீர்கள். சிரிக்காமல், "தனி எந்திரம் நமக்குக் கிடைக்காது, மற்றதற்கெல்லாம் காசு வேண்டாமே டாக்டர்" என்றவர் ஸ்கேன் அறை அக்கா. அன்றைக்குத் தொடங்கியதுதான் எல்லாம்.

108 தோழர்களே, "எப்போது விழுந்தார்?" என்று மட்டும் கேட்பதை விட்டு, "கடைசியாக எப்போது நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினீர்கள். தூங்கி எழுந்தபோது வாய் கோணியிருந்தவருக்கு, எழுந்த நேரம் கணக்கில்லை. படுக்கப் போன நேரம்தான் கணக்கு. வண்டியில் வரும்போதே அதைத் தொலைபேசியில் சொல்லி, விவரம் தெரிந்த உறவினரையும் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள்.

பதிவு மேசைத் தம்பி, பெயர் தெரியாவிட்டாலும் ஓர் எண்ணைப் போட்டு ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, பிறகு விவரம் கேட்டார். மருந்தக அண்ணன், கட்டி கரைக்கும் மருந்தை அவசரப் பிரிவு அலமாரியிலேயே வைக்க அனுமதி வாங்கித் தந்தார். அந்தக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கியது என்பது அவருக்குத்தான் வெளிச்சம். சாய்தளத்தில் பைக் நிறுத்தியவர்களிடம் காவலாளி அண்ணன் வாங்கிய வசவுக்கு அளவே இல்லை. ஆனாலும் பாதை அடைபடவில்லை. லிஃப்டும் கீழே காத்திருந்தது.

இரவுப் பணி செவிலியர் அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால் முதலில் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிடுவார். இரத்த அழுத்தம் 185/110க்கு மேல் போனால் நான் கேட்பதற்குள் மருந்து கையில் இருக்கும். அவருடைய பெரிய திறமை உறவினர்களிடம் பேசுவது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நிலைமையை மோசமாக்கும் மூளை இரத்தக்கசிவு ஏற்பட்டது. அதை அவர் மறைத்ததே இல்லை. "ஆபத்து இருக்கிறது, போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்" என்று ஊர்ப்பேச்சில் சொல்வார். நான் மருத்துவ மொழியில் விளக்கியபோது பெரியப்பாவுக்காகக் காத்திருந்தவர்கள், அக்கா பேசியதும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

உங்கள் எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. எனக்குப் பதிலாக வரும் மருத்துவரிடம் உங்கள் தொலைபேசி எண்களைக் கொடுத்திருக்கிறேன். இரவில் ஸ்கேன் அறையில் யாரும் எடுக்காவிட்டால் முதலில் காவலாளி அண்ணனை அழைக்கும்படி சொல்லியிருக்கிறேன். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நரம்பியல் மருத்துவர்