கப்பல் பிரிட்ஜில் இத்தனை டிரான்ஸ்மிட்டர் எதற்கு?

தூத்துக்குடி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். சாட்டிலைட் போன் ஒன்று இருந்தால் போதாதா, கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் இத்தனை டிரான்ஸ்மிட்டர் எதற்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட், லாக் புக்கில் ஒரு வரி என்று வாட்ச் நேரமே போய்விடுகிறது என அலுத்துக்கொண்டாயாம். அம்மா சொன்னாள். செகண்ட் ஆஃபீசர் ஆனதும் ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற கடல் ஆபத்துத் தொடர்பு ஏற்பாட்டின் பொறுப்பு எப்படியும் உன் தலையில்தான் விழும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சாட்டிலைட் போனில் நீ ஒரு எண்ணை அழைக்கிறாய். அந்த எண்ணுக்குரியவர் மட்டும்தான் எடுப்பார். கப்பல் டிரான்ஸ்மிட்டருக்கு அது போதாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், அவர்கள் அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும். எந்த டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, மறுமுனையில் இந்த நேரத்தில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான். எத்தனை வாட் என்பது அப்புறம்.

டைட்டானிக்கில் இருந்தது 5 கிலோவாட் மார்க்கோனி ஸ்பார்க் செட். 1912-ல் கடலில் அதைவிட வலுவான செட்டுகள் குறைவு. மோதலுக்கு முன்பு அது பழுதாகி, அதன் ஆபரேட்டர்கள் பிலிப்ஸும் பிரைடும் பல மணி நேரம் உட்கார்ந்து, டிரான்ஸ்ஃபார்மரில் எரிந்துபோன கம்பியைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். இல்லாவிட்டால் அன்றிரவு அழைப்பே போயிருக்காது. ஆனால் பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலில் இருந்த ஒரே ஆபரேட்டர், இரவு பதினொன்றரை வாக்கில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். 58 மைல் தள்ளி இருந்த கார்பேத்தியா கப்பலின் ஆபரேட்டர் படுக்கப் போகும் நேரத்திலும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்ததால் அவருக்குக் கேட்டது. 5 கிலோவாட் இருந்தும் பக்கத்துக் கப்பலுக்குப் பயன்படவில்லை.

ஸ்பார்க்கில் இன்னொரு கோளாறும் உண்டு. உயர் மின்னழுத்தத்தில் கன்டென்சர் நிரம்பி, இடைவெளியில் பொறி பாயும். ஒவ்வொரு பொறியிலும் அலை எழுந்து உடனே தேய்ந்துவிடும். அப்படித் தேயும் அலை ஒரு அலைவரிசையோடு நிற்காது, இரு பக்கமும் பரந்து அடைத்துக்கொள்ளும். அருகில் ஒரு கப்பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தால் தூரத்துக் கப்பலின் குரல் அதில் அமுங்கிப் போகும். அதனால்தான் சீரான அலை தரும் ஆல்டர்னேட்டர் என்ற சுழலும் இயந்திரமும் வால்வும் வந்த பிறகு, 1927 வாஷிங்டன் ரேடியோ மாநாடு ஸ்பார்க்கைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தது.

பழைய ரேடியோ ரூம் கடிகாரத்தை மியூசியத்தில் பார்த்தால் நின்று கவனி. 15 முதல் 18 நிமிடம் வரையிலும், 45 முதல் 48 வரையிலும் சிவப்புப் பட்டை இருக்கும். அந்தக் காலத்தில் ஆபத்துத் தந்திக்கான 500 கிலோஹெர்ட்ஸில் அந்த மூன்று மூன்று நிமிடமும் யாரும் அடிக்கக் கூடாது, எல்லோரும் காதைக் கொடுக்க வேண்டும். பச்சைப் பட்டை, ஆபத்துப் பேச்சுக்கான 2182 கிலோஹெர்ட்ஸுக்கு உரியது. ஒவ்வொரு மணியிலும் அரை மணியிலும் முதல் மூன்று நிமிடம். விளிம்பில் நொடி முள்ளுக்காக நான்கு நொடிக் கோடுகளும் உண்டு. 4 நொடி கோடு, 1 நொடி இடைவெளி என்று 12 தடவை அடித்தால் சரியாக ஒரு நிமிடம். அதைக் கேட்டதும் தூங்கும் ஆபரேட்டரின் தலைமாட்டில் ஆட்டோ அலாரம் மணி அடிக்கும். கலிஃபோர்னியனில் இல்லாமல் போனது இதுதான். இன்று உன் விஎச்எஃப் என்ற குறுந்தூர ரேடியோவில் சேனல் 70-ஐ இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும், டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்பு ரிசீவர் இதன் வாரிசு.

அந்த டிஎஸ்சி பற்றி இரண்டு விஷயம். ஆபத்து அழைப்புக்கான சிவப்புப் பொத்தானின் மூடியைத் தூக்கி, எண்ணிக்கை முடியும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும்; தட்டிவிட்டுக் கையை எடுத்தால் போகாது. கரையிலிருந்து பதில் வரும்வரை அது நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை போலத் தானாகத் திரும்ப அனுப்பும். அடுத்து, தவறுதலாக அனுப்பிவிட்டால் பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதே. அலர்ட்டை நிறுத்தி, உடனே சேனல் 16-ல் எல்லா நிலையங்களையும் அழைத்து, கப்பல் பெயர், எம்எம்எஸ்ஐ என்ற கப்பல் அடையாள எண் சொல்லி ரத்து செய். சொல்லிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். மூடி மறைத்தால்தான் தேடுதல் கப்பல் கிளம்பி, பிறகு விசாரணை வரும்.

விஎச்எஃப் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆன்டெனா உயரம்தான் தீர்மானிக்கும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கு, கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் போட்டுக் கூட்டு. உன் ஆன்டெனா 36 மீட்டர் என்றால் 24.7. லைஃப்ராஃப்ட் என்ற உயிர்காப்பு மிதவையில் கையில் பிடித்த செட் ஒரு மீட்டர் என்றால் 4.1. ஆக சுமார் 29 கிலோமீட்டர், பதினைந்து பதினாறு கடல் மைல். இரண்டும் ராஃப்டுகள் என்றால் 8 கிலோமீட்டர்தான். 1 வாட்டை 25 ஆக்கினால் பேச்சு தெளிவாகும், அடிவானம் நகராது.

இப்போது ஈபர்ப், அதாவது கப்பல் மூழ்கும்போது செயற்கைக்கோளுக்கு ஆபத்துக் குறி அனுப்பும் மிதவைக் கருவி. அதன் கதை ஸ்புட்னிக்கில் தொடங்குகிறது. 1957-ல் முதல் செயற்கைக்கோளான அது 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸில் வெறும் 1 வாட்டில் பீப் பீப் என்று ஒலித்தது. அமெரிக்காவில் இரண்டு இளம் விஞ்ஞானிகள், அது வரும்போது அதிர்வெண் ஏறுவதையும் போகும்போது இறங்குவதையும் அளந்தே சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார்கள். பாதை தெரிந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டுத் தரையில் இருப்பவனின் இடத்தைச் சொல்லலாம் அல்லவா? அமெரிக்கக் கடற்படைக்கு டிரான்சிட் செயற்கைக்கோள்கள் வந்தது அப்படித்தான். அதிர்வெண் மாறுவதை வைத்து இடம் காணும் அதே டாப்ளர் கணக்கில், ஆபத்துக் குறியைக் கேட்கும் செயற்கைக்கோள் ஏற்பாடான காஸ்பாஸ்-சார்சாட் வந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதே சோவியத் யூனியனும் அமெரிக்காவும், கனடா, பிரான்சோடு சேர்ந்து நடத்திய காரியம் அது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தைக் கண்டுபிடித்ததுதான் முதல் மீட்பு. நம் பக்கத்து அலர்ட் பெங்களூரு மையத்துக்கு இறங்கி, அங்கிருந்து மும்பை, சென்னை, போர்ட் பிளேர் கடல் மீட்பு மையங்களுக்கு (எம்ஆர்சிசி) போகும்.

உன் ஈபர்ப் 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட்டில், சுமார் 50 நொடிக்கு ஒருமுறை அரை நொடி மட்டும் பேசும். பேட்டரி 48 மணி நேரமாவது தாங்க வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் இருந்தால் அது ஊமை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 406-ல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலேயே அலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 2 மெகாஹெர்ட்ஸில் அது 18 சென்டிமீட்டர். 18 கிலோஹெர்ட்ஸில்தான் ஏறக்குறைய 2 மீட்டர். நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப அவ்வளவு தாழ்ந்த அலைவரிசை தேவைப்படுவது இதனால்தான். நம் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படை 1990-ல் தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இந்த வேலைக்குத்தான். அலை நீளம் பதினாறு பதினேழு கிலோமீட்டர் என்பதால் ஆன்டெனா ஊர் அளவுக்குப் பரந்திருக்கும். பேச்சுக்கு அங்கே இடமில்லை, மெதுவான எழுத்துச் செய்தி மட்டும்தான்.

(வால்வே இல்லாமலும் இந்த அலைவரிசையை எட்டியிருக்கிறார்கள். ஸ்வீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-ல் அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்ப வைத்த ஆல்டர்னேட்டர் இன்னும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 2115 சுற்று சுழலும் சக்கரத்தில் 488 பள்ளங்கள். பெருக்கி 60-ஆல் வகுத்துப் பார், 17.2 கிலோஹெர்ட்ஸ் வரும். டிரான்ஸ்மிட்டர் என்றால் முதலில் ஒரு இயந்திரம்தான்.)

ஈபர்ப்புக்கு வருகிறேன். கப்பல் மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் நீர் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் கட்டை அறுத்துவிட, ஈபர்ப் மிதந்து மேலே வர வேண்டும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். அதில் சுற்றியிருக்கும் மெல்லிய கயிறு தொலைந்துவிடக் கூடாதே என்று யாராவது நல்லெண்ணத்தில் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிடுவார்கள். கப்பலோடு சேர்ந்து ஈபர்ப்பும் கீழே போகும். அந்தக் கயிறு ராஃப்டில் கட்டிக்கொள்வதற்கு. கப்பலில் எதிலும் தொடக் கூடாது. மேலே கூரையோ ஏணியோ நீட்டிக்கொண்டிருந்தால் மிதந்து வரும்போது அதில் மாட்டிக்கொள்ளும். ரிலீஸின் ஆயுள் இரண்டு வருடம். காலாவதி மாதத்தைத் துளையிட்டோ எழுதியோ குறித்திருக்கிறார்களா பார். பெயின்ட் வேலை நடந்த மறுநாள் ரிலீஸ் மேலும் பெட்டி மேலும் தெறித்திருக்கிறதா என்று பார். கப்பல் கொடி, அதாவது பதிவு நாடு, மாறியிருந்தால் உள்ளே பழைய எம்எம்எஸ்ஐ-யே இருக்கலாம். அலர்ட் பழைய நாட்டுக்குப் போய், அங்கே யாருக்கும் தெரியாத கப்பலாக நிற்கும். இந்தியக் கொடி என்றால் எண் 419-ல் தொடங்க வேண்டும்.

தேடும் கப்பலின் ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியான சார்ட் வேறு விதம். அது தானாகப் பேசாது. கப்பல் ரேடாரின் இரண்டு வகையில் ஒன்றான எக்ஸ் பேண்ட் ரேடாரின் கதிர் பட்டால் மட்டும் பதில் சொல்லும். தேடும் கப்பலின் திரையில் வரிசையாக 12 புள்ளி விழும். நெருங்கினால் புள்ளிகள் வளைவாகி, பிறகு வட்டமாகும். இன்னொரு வகையான எஸ் பேண்ட் ரேடாருக்கு அது செவிடு. அதனால் தேடும் பக்கத்தில் நீ இருந்தால் எக்ஸ் பேண்டை ஓட்டு, 6 அல்லது 12 மைல் ரேஞ்ச் வை. ராஃப்டில் இருந்தால் கம்பத்தில் பொருத்தி ஒரு மீட்டருக்கு மேலே நிறுத்து. தரையில் கிடத்தினால் எட்டும் தூரம் பாதியைவிடக் குறைந்துவிடும்.

ரேடார் டிரான்ஸ்மிட்டரின் இதயம் கேவிட்டி மேக்னட்ரான் என்ற வால்வு, 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் செய்தது. 25 கிலோவாட் என்று தட்டில் எழுதியிருக்கும், மிரண்டுவிடாதே. ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான துடிப்பில் மட்டும்தான் அந்த 25 கிலோவாட். ஒரு துடிப்பு 0.8 மைக்ரோ நொடி, நொடிக்கு 600 துடிப்பு என்றால் சராசரி 12 வாட். மேக்னட்ரான் ஒரே நாளில் சாகாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், நீயும் திரைக்கு வரும் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கூட்டிக் கூட்டிப் பழகிவிடுவாய். அதனால் கண்ணை நம்பாமல் ரேடாரின் திறனை அளக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரின் அளவைக் குறித்து வை.

எம்எஃப் (நடு அலை) ரேடியோவின் ஆன்டெனாவில்தான் அதிகம் கெடும். 2182 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 137 மீட்டர். கால் பங்கு என்றால்கூட 34 மீட்டர் கம்பி வேண்டும். பிரிட்ஜின் கூரையான மங்கி ஐலண்டில் நிற்பது 8 மீட்டர் விப் கம்பி என்று வைத்துக்கொள். அவ்வளவு குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது சக்தி அலையாக வெளியேறும் பங்கைக் காட்டும் அளவு, ஒரு ஓமை ஒட்டித்தான் இருக்கும். கொடுக்கும் 150 வாட்டில் பெரும்பகுதி, ஆன்டெனாவைச் செட்டோடு பொருத்தும் டியூனரின் சுருளிலும் எர்த்திலும் சூடாகப் போய்விடும். மீதியைக் காப்பாற்றுவதுதான் பராமரிப்பு. டியூனரிலிருந்து டெக்குக்குப் போகும் செம்புப் பட்டையின் போல்ட்டில் துரு ஏறியிருந்தால் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவு. அடியில் இருக்கும் இன்சுலேட்டரை நன்னீரால் கழுவு. அதன்மேல் பெயின்ட் அடிக்க டெக் ஆட்களின் தலைவரான போசனை விடாதே. டிரான்ஸ்மிட் செய்யும்போது அந்த இடத்தில் சில ஆயிரம் வோல்ட் நிற்கும். உப்புப் படிந்திருந்தால் ஈர இரவில் அங்கேயே பொறி ஓடிவிடும். செட் டியூன் ஆகாமல் தவிக்கும். கழுவப் போகுமுன் செட்டை அணைத்து, மைக்கில் எச்சரிக்கை அட்டை மாட்டிவிட்டுப் போ.

பேட்டரிக்கு வோல்ட் மட்டும் பார்த்துப் பயனில்லை. சார்ஜரை அணைத்து, அளவைக் குறி. பிறகு எம்எஃப்-பில் டிரான்ஸ்மிட் அமுக்கிப் பார். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் ஏதோ ஒரு செல் போகிறது. அமில பேட்டரி என்றால் செல் செல்லாக அடர்த்தியை அளந்து அதைக் கண்டுபிடி.

கடைசியாக ஜிபிஎஸ். கப்பலுக்கு இடம் சொல்லும் டிரான்ஸ்மிட்டர் புதிதல்ல. 1910-ல் ஐஃபெல் கோபுரம் நேரத்தை அனுப்பத் தொடங்கியது. கப்பலின் துல்லியக் கடிகாரமான கிரோனோமீட்டர் 4 நொடி பிசகினால் பூமத்திய ரேகையில் 1 கடல் மைல் பிசகும் என்பதால் அது பெரிய வரம். 1944 நார்மண்டி தரையிறக்கத்தில் கண்ணிவாரிக் கப்பல்களுக்கு டெக்கா என்ற ரேடியோ ஏற்பாடு வழிகாட்டியது. உலகம் முழுக்க எட்டு நிலையங்களோடு இருந்த ஒமேகா என்ற இன்னொரு வழிகாட்டி ஏற்பாட்டை 1997-ல் மூடினார்கள். ஜிபிஎஸ் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில பத்து வாட்டில் பேசுகிறது; உன் ஆன்டெனாவுக்கு வரும்போது அது இரைச்சலுக்கும் கீழே. அதனால் கரையில் ஒருவன் சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்தே அதை அமுக்கலாம், பொய் இடம் காட்டவும் செய்யலாம். 2017 ஜூனில் கருங்கடலில் சுமார் இருபது கப்பல்கள் தாங்கள் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் கண்டன. சுற்றியுள்ள கப்பல்களுக்குத் தன் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ்-ஸும் அதே ஜிபிஎஸ்-ஸிலிருந்து எடுப்பதால் பக்கத்துக் கப்பலின் இடமும் பொய்யாகும். டிஎஸ்சி அலர்ட்டில் போகும் இடமும் அப்படியே.

அந்த மாதிரி கடலில் போகும்போது ரேடாரில் கரையின் ஒரு முனையின் தூரமும் பேரிங்கும் (திசையும்) எடுத்து, எக்டிஸ் என்ற மின்னணு வரைபடம் காட்டும் நிலையோடு ஒப்பிடு, எக்கோ சவுண்டர் ஆழத்தையும் சேர்த்துப் பார். ஜிபிஎஸ் போய்விட்டால் டிஎஸ்சி-யில் நிலையையும் யுடிசி (உலகப் பொது) நேரத்தையும் கையால் இடு. 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பி. அதை வாட்ச் மாற்றும் வேலைகளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

அடுத்த துறைமுகம் எது என்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா