சும்மா கிடக்கிறது என்று எழுதாதே

அன்புள்ள குமார்,

ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பாபு பேசினான், அந்தக் குடைக் கதையை இன்னும் விடவில்லை.

வேறொருவர் பதிந்துவைத்திருக்கும் டொமைனை, அதாவது இணையதளப் பெயரை, நீ விலைக்குக் கேட்கப் போகிறாய் என்று படித்ததும்தான் அவசரமாக எழுத உட்கார்ந்தேன். உரிமையாளருக்கு இன்னும் அனுப்பவில்லையே? நீ எழுதிவைத்திருக்கும் முதல் வரியைப் பார்த்துப் பகீரென்றது: "உங்கள் டொமைன் பல வருடமாகச் சும்மா கிடக்கிறது." போன வருடம் வேறொரு பெயரை வாங்க நானும் இதே வரியைத்தான் எழுதினேன்டா.

பிரவுசரில் பெயரைத் தட்டினால் வெற்றுப் பக்கம். வேண்டாத பொருள்தானே என்று நானாக முடிவுகட்டி, ஒரு சொற்பத் தொகையைச் சொல்லி, இரண்டு நாளில் பதில் வேண்டும் என்று கெடுவும் வைத்தேன். அன்று மாலையே பதில் வந்தது. ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: "எங்கள் குடும்பத்தில் பதினோரு பேருக்கு மின்னஞ்சல் இதில்தான். தினமும் பயன்படுத்துகிறோம். சும்மா கிடப்பதாக உங்களுக்கு யார் சொன்னது?" மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவே இல்லை. அந்தப் பெயரின் எம்எக்ஸ் பதிவை, அதாவது அதற்கு வரும் மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் குறிப்பை, ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அங்கே மின்னஞ்சல் ஓடுவது தெரிந்திருக்கும். நீயும் முதலில் அதைப் பார்.

இன்னொன்று. 2018 மே மாதம் ஐரோப்பிய தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து ஹூயிஸ் (ஒரு டொமைனைப் பதிந்தவர் யார் என்று பார்க்கும்) தேடலில் உரிமையாளர் பெயரும் முகவரியும் பெரும்பாலும் தெரிவதில்லை. ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிந்துகொடுக்கும் நிறுவனம், தரும் படிவத்தில் எழுதவேண்டும், இல்லையென்றால் அவர்கள் தரும் மறைமுக முகவரிக்கு அனுப்பவேண்டும். யாரென்றே தெரியாத ஒருவருக்கு, அவர் கேட்காமலே போகும் கடிதம் அது. ஸ்பேம் என்று தள்ளிவிட அவருக்கு ஒரு நொடி போதும். அதனால் இணைப்புக் கோப்பு, சுட்டி எதுவும் வேண்டாம். உன் முழுப் பெயர், என்ன செய்கிறாய், எதற்காக அந்தப் பெயர், பிறகு ஒரே கேள்வி: "விற்கும் எண்ணம் உண்டா? இல்லையென்றாலும் பரவாயில்லை." ஐந்து வரி போதும். ஆகா ஓகோ என்று புகழவும் வேண்டாம், மட்டம் தட்டவும் வேண்டாம்.

விலையை முதல் கடிதத்திலேயே சொல்லலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் திருப்பிக் கேட்டால், உன்னால் உண்மையிலேயே கொடுக்க முடிந்த தொகையாக இருக்கட்டும். கம்பெனிக்காக வாங்குகிறவன் மாணவன் என்று சொல்லி விலையைக் குறைப்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

உன் அண்ணன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறாராமே! கால் வைக்காதே அதில். நோட்டீஸுக்கு அவர் மசியாமல் நீ புகார் கொடுக்கப் போனால், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த யு.டி.ஆர்.பி. என்ற தகராறு விதிப்படி, பெயர் உன் வணிகக் குறியோடு குழம்பும்படி இருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்று மூன்றையுமே நீ நிரூபிக்கவேண்டும். உன் தொழில் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே பதிந்தவர் உன்னைக் குறிவைத்தா பதிந்தார்? பெயரைப் பறிக்கவே புகார் கொடுத்தாய் என்று தீர்ப்பில் எழுதிவைத்தாலும் வைப்பார்கள்.

அவர் சரி என்றால் பணம் எஸ்க்ரோ வழியாக, அதாவது பெயர் கைமாறும் வரை பணத்தை வைத்திருக்கும் நடுநிலை ஆள் வழியாக, போகட்டும். அது அவருக்கும் பாதுகாப்பு என்று சொல், தயங்கமாட்டார்.

அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதி, அனுப்பும் முன் எனக்குக் காட்டு. இன்று இரவு எத்தனை மணியானாலும் படிக்கிறேன்.

உன்,
ரவி