பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

29.5.2021

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மாமா இ-பதிவு செய்துகொண்டு நாளைக்கு மதுரைக்கு வருகிறார், அத்தைக்கு மாத்திரை வாங்க. அவரிடம் ஒரு பை கொடுத்து விடுகிறேன். ஹாஸ்டல் கேட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். எள்ளுருண்டை, கருப்பட்டி, எலுமிச்சை ஊறுகாய், கபசுரக் குடிநீர்ப் பொடி எல்லாம் இருக்கிறது. மூக்கில் மாஸ்க் அழுத்திப் புண்ணாகிற இடத்துக்குத் தேங்காய் எண்ணெயும் வைத்திருக்கிறேன்.

கொரோனா வார்டு டியூட்டிக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு உருண்டையாவது வாயில் போட்டுக்கொள். உடம்பை மூடுகிற அந்தப் பாதுகாப்புக் கிட்டை மாட்டிவிட்டால் ஆறு மணி நேரம் பச்சைத் தண்ணீர் கிடையாது என்றாய். நடுவில் பாத்ரூம் போக முடியாதென்று முந்தின ராத்திரியிலிருந்தே நீ தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாயாம். உன் ரூம் பிள்ளைதான் சொன்னது. அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். தண்ணீர் குடி. டியூட்டி முடிந்து வந்ததும் முதலில் தண்ணீர் குடி, அப்புறம் குளி.

இங்கே 24-ம் தேதியிலிருந்து மளிகைக் கடையும் அடைத்தாயிற்று. காய்கறி மட்டும் வண்டியில் வருகிறது. லெட்சுமி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். தம்பிக்குப் பரீட்சை உண்டா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திரிகிறான். அப்பா கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் பயந்து ஒதுங்கியபோது, நீ போனில் போட்ட சத்தத்துக்குத்தான் போனார். இப்போது டீக்கடைக்காரரிடம், "என் மகள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். போன வாரம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் கொரோனா என்று செய்தியில் சொன்னார்களே, அன்றையிலிருந்து வீட்டில் டிவி ஓடவில்லை.

நீ வீடியோவில் வருவதே இல்லை. நெட் இல்லை என்கிறாய். முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டியதைக்கூட யாரோ போட்ட படத்தில்தான் பார்த்தேன். கிட்டுக்குள் அது கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடுப்பு வரைக்கும் எண்ணெய் தேய்த்து வளர்த்தவள் நான்.

முன்னெல்லாம் டியூட்டி முடிந்ததும் ஆறு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து டீ குடிப்பீர்கள், அன்றைக்கு நடந்ததை எல்லாம் பேசிச் சிரிப்பதும் அழுவதும் அங்கேதான் என்பாய். இப்போது மற்றவர்கள் போகிறார்கள், நீ மட்டும் போவதில்லையாமே. போம்மா. பேசாவிட்டாலும் போய் உட்கார். சாப்பிடு. தூங்கு. 104-க்கு அடித்தால் மனசுவிட்டுப் பேச ஆள் இருக்கிறார்களாம். அம்மாவிடம் சொல்ல முடியாததை அவர்களிடமாவது சொல்.

மே 3-ம் தேதி டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்ததே, கடைசி வருஷ நர்சிங் பிள்ளைகளும் கொரோனா டியூட்டி பார்க்கலாம், நூறு நாள் வேலை செய்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று, அதைக் கேட்டுத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். தினமும் காலண்டரில் வட்டம் போடுகிறேன். உன்னிடமும் "இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்றுதான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நாள் உனக்கு எப்படிப் போனது என்று கேட்கவில்லை.

ஒருநாள் நீயாகவே சொல்ல வந்தாய். 11-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. நான் திரி போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, அந்தப் பதினாலாம் பெட்டுப் பாட்டி..." என்று ஆரம்பித்தாய். உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. "விளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பேச்சு வேண்டாம், வேற ஏதாவது பேசு" என்றேன். நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். பிறகு, "தம்பி படிக்கிறானா?" என்று கேட்டாய். அன்றையிலிருந்து, "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வச்சிடட்டுமா" இவ்வளவுதான். பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

விளக்கு ஒரு சாக்கு, பாப்பா. எனக்குப் பயம்.

ஆச்சி என் மடியில்தான் போனாள் என்று உனக்கும் தம்பிக்கும், துக்கத்துக்கு வந்த எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று சொம்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போனவள்தான். குழாயடியில் நின்றுகொண்டே இருந்தேன், சொம்பு நிரம்பி வழிந்தது. பெற்ற தாய், பத்தடி தூரத்தில். ராத்திரி டியூட்டி நர்ஸ் ஒருத்தி, உன் வயசுதான் இருக்கும், வெளியே வந்து என் தோளைத் தொட்டாள். "கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான்மா இருந்தேன், தனியா விடலை" என்றாள். "நீ ஏன் வரலை?" என்று அவள் கேட்கவில்லை.

உன்னை நர்ஸாக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நல்ல வேலை, சம்பளம், வெளிநாடு என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. நான் செய்யாமல் ஓடி வந்ததை உன்னைச் செய்ய அனுப்பியிருக்கிறேன். அதைச் செய்துவிட்டு நீ சொல்ல வந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்தப் பாட்டிக்கு எந்த ஊர்? பிள்ளைகள் யாராவது வர முடிந்ததா? பக்கத்தில் நீ இருந்தாயா? சொல்லும்மா, கேட்கிறேன். நடுவில் பேச மாட்டேன். ராத்திரி இரண்டு மணியானாலும் அடி, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரமானாலும் அடி.

வந்துவிட வேண்டும் போலிருந்தால் வந்துவிடு. நூறு நாள் ஆகாவிட்டால் போகட்டும். கல்விக் கடனை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். காலண்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

மாமா பதினோரு மணி வாக்கில் வருவார். ஊறுகாய் ஜாடி மூடி சரியில்லை, சாய்க்காமல் எடு.

அம்மா