புயல் மழையில் பின்சீட்டையும் கொஞ்சம் கவனியுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல், கனமழை என்றாலே ‘அவசியமற்ற பயணங்களைத் தவிர்க்கவும்’ என்ற ஒரு வரி தவறாமல் அச்சாகிவிடுகிறது. சரியான வரிதான். ஆனால் வெயிலில் கிளம்பி, பாதி வழியில் மழையிடம் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்? கூடவே வரும் குறிப்புகளும் டயர், வைப்பர், விளக்கு என்று ஓட்டுகிறவரோடு நின்றுவிடுகின்றன. சின்னப் பிள்ளைகள் இருக்கும் காரில் சிக்கல் பெரும்பாலும் பின்சீட்டில்தான் ஆரம்பிக்கிறது என்பதால் இந்தக் கடிதம்.

இடி இடிக்கிறது, குழந்தை வீறிட்டு அழுகிறது. உடனே யாராவது பெல்ட்டைக் கழற்றி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். சாலை மிக மோசமாக வழுக்குவதும் அதே நேரத்தில்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதல் நேர்ந்தால், 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 300 கிலோவுக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்தும் கை யாருக்கும் இல்லை. மடியில் வைத்திருப்பவரும் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடும். ஆகவே கார் நின்ற பிறகுதான் குழந்தையின் பெல்ட்டில் கை வைக்க வேண்டும். மழைக்காலப் பயணத்துக்கான மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

பெரியவர்கள் இருவர் இருந்தால் ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். ஒருவர் மட்டும்தான் என்றால், அழுகைக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. 60 கி.மீ. வேகத்தில் 2 நொடி திரும்பினால் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும். துண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு செட் உலர்ந்த உடை, டயப்பர், வாந்திக்கான கெட்டிப் பைகள், டார்ச், குடிநீர் எல்லாம் பின்சீட்டின் காலடியில், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். டிக்கியில் வைத்தால் எடுக்கப் போகிறவர் நனைவார், பொருளும் நனையும். கனமான எதையும் பின்கண்ணாடி ஓரப் பலகையில் வைக்கக் கூடாது. சடன் பிரேக் போட்டால் அது நேராகத் தலைக்குத்தான் வரும்.

குளிர்கிறதே என்று தடித்த ஸ்வெட்டரோ மழைக்கோட்டோ போட்டு, அதற்கு மேல் குழந்தை இருக்கையின் பட்டையை மாட்டுவது பரவலாக நடக்கும் தவறு. மோதலில் அந்தத் தடிப்பு அமுங்கி, பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். மெல்லிய உடையோடு பட்டையை இறுக்கி, போர்வையை மேலே போர்த்துங்கள். தோள்பட்டை எலும்பருகே பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். கைக்குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. இது மழைக்கு மட்டுமான விதி இல்லை என்றாலும், பின்னால் சாமான் சேரச் சேர இருக்கையை முன்னால் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடியில் படியும் ஆவியும் குழந்தைகளோடு தொடர்புள்ள விஷயமே. நாலைந்து பேரின் மூச்சும் ஈரத்துணிகளும் சேர்ந்தால் சில நிமிடங்களில் முன்கண்ணாடி மங்கிவிடும். பிள்ளைகளுக்குக் குளிருமே என்று ஏசியை அணைப்பார்கள். அங்கேதான் பார்வை போகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுப்பது ஏசிதான். அதை அணைக்காமல் வெப்பநிலையை மட்டும் கூட்டுங்கள், உள்காற்றையே சுழற்றும் பொத்தானை விட்டு வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். கையால் துடைத்தால் பிசுக்கு ஒட்டி, எதிரே வரும் வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்கக் கீறலாகத் தெரியும்.

மழையில் பிள்ளைகள் அதிகம் வாந்தி எடுப்பதற்கும் காரணம் உண்டு. உள்காது உடல் அசைவதை உணர்கிறது, கண்ணோ காருக்குள் அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த முரண்தான் குமட்டல். தொலைவிலுள்ள அசையாத காட்சியைப் பார்த்தால் அது தணியும். மழையோ அந்தக் காட்சியையே மறைத்துவிடுகிறது. சமாதானப்படுத்தக் கையில் கொடுக்கும் செல்போன் நிலைமையை இன்னும் கெடுக்கும். 2 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். 2 வயதுக்குக் கீழே அபூர்வம். திரையை எடுத்துவிட்டுக் கதையோ பாட்டோ போடலாம். கிளம்பும் முன் வயிறு நிறையவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். குமட்டல் மருந்துகள் சில சிறு குழந்தைகளுக்கு ஆகாதவை என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஓடும் காரில் கொட்டை வகைகளோ கடின மிட்டாயோ வேண்டவே வேண்டாம். திடீர் பிரேக்கில் தொண்டையில் சிக்கினால், நிறுத்த இடம் தேடுவதற்குள் காலம் கடந்துவிடும்.

ஓட்டுகிறவருக்குச் சுருக்கமாக: பல நாடுகளில் டயரின் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் சட்டம் விட்டுவிடும். தேங்கிய நீர் விடாது. 3 மி.மீ.க்குக் குறைந்தாலே மழையில் பிடிப்பு சரியத் தொடங்குகிறது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது 4 நொடி இடைவெளி வேண்டும். டிம் லைட் போதும். ஹைபீம் மழைத்துளியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும். ஓடிக்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிடுவது பின்னால் வருபவரைக் குழப்பும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைத் தொட வேண்டாம். டயர் தண்ணீர் மேல் மிதந்து ஸ்டீயரிங் திடீரென இலேசானால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள்.

சாலையைக் கடந்து ஓடும் தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 15 செ.மீ. ஆழத்திலேயே பல கார்களின் அடிப்பாகத்தை நீர் தொட்டு, கட்டுப்பாடு குறைய ஆரம்பிக்கும். 30 செ.மீ. நீர் பல கார்களை மிதக்கவைக்கும். 60 செ.மீ. ஓடும் நீர் பெரிய ஜீப் வகை வண்டியையும் அடித்துச் செல்லும். முன்னால் போன லாரி தாண்டிவிட்டது என்பது நமக்கு அத்தாட்சி ஆகாது. தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

இந்த இடத்தில் பலர் மறந்துவிடுவது சைல்டு லாக்கை. அது போட்டிருந்தால் பின்கதவு உள்ளிருந்து திறக்காது; பின்னால் பெரியவரே இருந்தாலும் திறக்காது. ஓட்டுநர் பக்கப் பொத்தானால் பின் கண்ணாடிகளையும் பூட்டியிருந்தால், பின்சீட்டிலிருந்து வெளியேற வழியே இல்லை. எனவே பின்னால் பெரியவர் இருக்கும்போது அந்தப் பூட்டை எடுத்துவிடலாமா என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். கார் மிதக்கத் தொடங்கினால் கதவோடு போராடாதீர்கள், வெளியே அழுத்தும் நீர் அதைத் திறக்கவிடாது. எல்லார் பெல்ட்டையும் கழற்றி, மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்கி, முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பி, பிறகு பெரியவர்கள் வெளியேற வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை இது. உதவிக்குப் போன் செய்வதெல்லாம் பிறகுதான். குழந்தை இருக்கையின் பக்கிள், பிள்ளைகள் கழற்றிவிடாதபடி வேண்டுமென்றே கடினமாகச் செய்யப்பட்டது. காரில் வரும் ஒவ்வொரு பெரியவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கழற்றிப் பழகிக்கொள்ளட்டும். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் சிறு துண்டுகளாக நொறுங்கும் டெம்பர்டு கண்ணாடியை மட்டுமே உடைக்கும், நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டடு கண்ணாடியை உடைக்காது. உங்கள் காரின் பக்கக் கண்ணாடி எந்த வகை என்று அதன் மூலையில் அச்சிட்டிருக்கும்.

நிறுத்திவிடலாம் என்று தோன்றினால் சாலையோரத்தில் நிற்காமல், சாலையை விட்டு விலகிய மேட்டு இடத்தில் நிறுத்துங்கள். மரத்தடி, பாலத்தடி இரண்டும் வேண்டாம். மின்னலுக்கு இரும்புக் கூரையுள்ள கார் பாதுகாப்பானது. காப்பது ரப்பர் டயர் அல்ல, மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும் உலோகக் கூடுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் இருந்தால் போதும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் பிள்ளைகளை வெளியே விட வேண்டும். மின்கம்பி காரின் மேல் விழுந்தால், தீப்பிடித்தால் ஒழிய யாரும் இறங்கக் கூடாது.

காத்திருப்பு நீண்டால் கவனிக்க வேண்டியவை வேறு. என்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருக்கும்போது, சேறோ நீரோ புகைக்குழாயை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும். அதற்கு வாசனை இல்லை. குழந்தை அசந்து தூங்குவதாகவே நினைத்துக்கொள்வோம். அவ்வப்போது குழாயைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் என்ஜினை அணையுங்கள். கைக்குழந்தையை 2 மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் விடாமல் எடுத்துப் படுக்கவையுங்கள். தலை முன்னால் சாய்ந்தால் மூச்சு தடைப்படலாம். பால்மாவை முன்கூட்டிக் கலந்து கொண்டுபோக வேண்டாம், கலந்த பால் வெளியில் 2 மணி நேரம்தான் தாங்கும். அளந்த மாவு தனியாக, கொதித்த நீர் ஃபிளாஸ்க்கில் தனியாக இருக்கட்டும். அதையும் கார் நின்ற பிறகே திறக்க வேண்டும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று பல குடும்பங்கள் இரவில் கிளம்புகின்றன. சாதாரண நாளில் அது நல்ல யோசனை. புயல் நாளில் அதுவே வினை, ஏனென்றால் சாலையில் ஓடும் நீரும் அதன் ஆழமும் இருட்டில் தெரிவதில்லை. வானிலைச் செய்தியில் எத்தனை செ.மீ. மழை என்பதோடு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வலுக்கும் என்று வானிலை மையம் சொல்வதையும் முதல் பக்கத்திலேயே போட்டால், முன்மாலையில் கிளம்புவதா மறுநாள் விடிந்த பிறகா என்பதைப் பெற்றோர் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர்