டவுன் பஸ் வரைபடத்துக்கு நோட்டீஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கை மகன் ஒரு பஸ் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதாவது டவுன் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவான். அப்படிச் சுற்றியே சேலம் டவுன் பஸ் தடங்களை ஒரே தாளில், கலர் கலராக நேர்கோடுகளில் வரைந்தான். ஏற்காட்டுக் கோடு மட்டும் அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுக்கு 20 பல் வைத்த ரம்பம் மாதிரி ஏறும். எங்கள் தெரு டீக்கடையில் அதை ஒட்டியிருந்தோம். கொண்டலாம்பட்டிக்கு எங்கே மாறணும் என்று யாராவது கேட்டால் டீ மாஸ்டர் கையிலிருக்கும் கரண்டியாலேயே காட்டுவார், படத்தில் பால் கறைகூட உண்டு.

அதற்குத்தான் ஒரு அரசு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். படத்தில் அவர்கள் சின்னத்தைப் போட்டது தப்பு, படத்தையே எடுக்க வேண்டும், இல்லையென்றால் பதிப்புரிமை வழக்காம். மூலையில் சின்னத்தைப் போட்டது அவன் தப்புதான், அரசே வெளியிட்டது என்று யாரும் நினைத்துவிடலாம், அன்றைக்கே அழித்துவிட்டான். சரி, படம் என்ன செய்தது? 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடமும் கலைப்படைப்புதான், ஆனால் ஒருவர் வரைந்த விதத்துக்குத்தான் உரிமையே தவிர, எந்த பஸ் எந்த வழியாகப் போகிறது என்ற விவரத்துக்கு அல்ல. அவன் யார் படத்தையும் காப்பியடிக்கவில்லை. காப்பியடிக்க அவர்களிடம் ஒரு படம் இருந்தால்தானே!

2005-ல் நியூயார்க் சுரங்க ரயில் படத்தை ஐபாடில் பார்க்கிற மாதிரி மாற்றி இலவசமாகக் கொடுத்தவருக்கும் இப்படித்தான் கடிதம் போனது. அங்கேயாவது அது நிர்வாகத்தின் சொந்தப் படம். லண்டனிலும் வட்டத்துக்குக் குறுக்கே பட்டை போட்ட சின்னத்தையும் சுரங்க ரயில் படத்தையும் அனுமதியில்லாமல் தொடவிட மாட்டார்கள். ஆனால் அந்தப் படமே 1931-ல் ஹாரி பெக் என்ற படவரைவாளர் ஓய்வு நேரத்தில், யாரும் சொல்லாமல் தானாக வரைந்தது. முதலில் வேண்டாம் என்று திருப்பிவிட்டு, 1933-ல் அவர்களே அச்சடித்து மக்களுக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் படத்தை இப்போது சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறோம். 'சின்னம் வேண்டாம், இது அதிகாரபூர்வப் படம் அல்ல என்று கீழே எழுது, அப்புறம் ஒட்டிக்கொள்' என்று அந்த அலுவலகம் ஒரு வரி பதில் போட்டால் போதும். நாங்கள் அனுப்பிய பதிலுக்கு ஏழு வாரமாக ஒன்றும் வரவில்லை.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.