எங்கள் விரைப் புற்றுநோய்க்கும் முழு அளவு மருந்து கொடுங்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் அறுவை மருத்துவர்களுக்கும், புற்றுநோய் மருத்துவர்களுக்கும், ஏ.ஆர்.டி. மைய மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் 2011 முதல் ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து எடுத்துவரும் ஆண். 2021இல், என் 36ஆம் வயதில், இடது விரையில் வலியில்லாத ஒரு கட்டி தென்பட்டது. அதற்கு முன்பே என் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஐந்நூறுக்கு மேல் இருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்த முதல் மருத்துவர் கட்டியைப் பார்க்கவில்லை, என் கோப்பில் இருந்த மூன்று எழுத்துகளைத்தான் பார்த்தார். "உங்களுக்கு டி.பி.யாகத்தான் இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதங்கள் போயின.

காசநோய் விரையையும் தாக்கும் என்பதும், எங்களுக்கு அந்த ஐயம் முதலில் எழுவது இயல்பு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கெட்டியான, வலியற்ற கட்டி என்றால் ஒரு ஸ்கேனும், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய, விரைப் புற்றுநோயில் உயரக்கூடிய மூன்று பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனைகளும் எடுக்க எத்தனை நாளாகும்? எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு செமினோமா என்ற விரைப் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே வருகிறது. கபோசி சார்கோமாவைப் போலவோ, சில லிம்ஃபோமாக்களைப் போலவோ இது எய்ட்ஸ் நிலையைக் குறிக்கும் புற்றுநோய்களின் பட்டியலில் இல்லை. அதனாலோ என்னவோ, கூட்டு மருந்து வாங்கப் போகும் இடத்தில் இதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எடை பார்ப்பார்கள், இருமலைக் கேட்பார்கள். வேட்டிக்குள் இருப்பதைப் பற்றி அவர்களும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின் இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். காரணத்தை என்னிடம் சொல்லவில்லை, ஆனால் செவிலியர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் எங்களுக்குச் சிகிச்சை மறுப்பதையும் பாதியில் நிறுத்துவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று வாதாட, வயிற்றுக்குள் பயத்தோடு படுத்திருக்கும் நோயாளிக்குத் தெம்பு இருக்காது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நான் இந்த மடலை எழுதுவதற்கு உண்மையான காரணம் அதற்குப் பிறகு நடந்தது. வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்தது. அதற்கான மருந்து பி.இ.பி., அதாவது பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்தது. "உங்கள் உடம்பு பி.இ.பி. தாங்காது, இலேசான மருந்தாகப் போடலாம்" என்று ஒரு மருத்துவர் அன்போடுதான் சொன்னார். அந்த அன்பு என்னைக் கொன்றிருக்கக்கூடும். 1974இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த புற்றுநோய் மருந்துகளை ஜான் கிளிலண்டு என்ற இளைஞருக்குக் கொடுத்து அவரைப் பிழைக்கவைத்த நாள்முதல், பரவிய பிறகும் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் இது. அந்தக் குணம் சிஸ்பிளாட்டினில், முழு அளவில், குறித்த நாளில் கொடுப்பதில் இருக்கிறது. பரவிய நோய்க்கு அதன் இடத்தில் கார்போபிளாட்டினை வைத்தால் பலன் குறைகிறது என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவர்கள். நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களையும் மற்றவர்களைப் போலவே முழுமையாகச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று 2003இலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் அனுபவத்தை வைத்து எழுதிவிட்டார்கள்.

முழு அளவு கொடுப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதல்ல. எனக்கு நல்வாய்ப்பாக, ஓர் இளம் மருத்துவர் மருந்து தொடங்கும் முன் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். சிஸ்பிளாட்டினும் நான் எடுத்துவந்த டெனோஃபோவிரும் இரண்டுமே சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை என்பதால் டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர் வந்தது. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து, சிறுநீரகம் கெடாமலேயே, அதன் நலத்தை அளக்கப் பார்க்கும் கிரியாட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும் என்பதையும் அந்தப் பேச்சில்தான் அவர் அறிந்துகொண்டார். இல்லையென்றால் அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைத்திருப்பார்கள். எச்.ஐ.வி. மருந்துகளான அட்டாசனாவிரோடோ லோபினாவிரோடோ ரிட்டோனாவிர் எடுப்பவராக இருந்தால் எட்டோபோசைடின் அளவு இரத்தத்தில் ஏறிவிடக்கூடும். ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தில் இருப்பவருக்கு எலும்பு மஜ்ஜை ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். கல்லீரல் அழற்சியும் சேர்ந்திருந்தால் ஏ.எஃப்.பி. அதனாலேயே உயரலாம். இவற்றுக்கெல்லாம் விடை கூட்டு மருந்தை மாற்றுவதும் கண்காணிப்பதும்தான். கூட்டு மருந்தை நிறுத்துவதோ புற்றுநோய் மருந்தைக் குறைப்பதோ அல்ல.

21 நாளுக்கொரு சுற்றாக மூன்று சுற்றுகள் முடிந்தபோது என் சி.டி.4 இருநூறை ஒட்டி இறங்கியிருந்தது. இறங்கும் என்று எதிர்பார்த்தே முதல் நாளிலிருந்து தொற்றுகளைத் தடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் கொடுத்திருந்தார்கள், வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசியும் போட்டார்கள். ஒரு வருடத்தில் எண்ணிக்கை பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. விந்துவைச் சேமித்துவைக்கலாம் என்பதை மட்டும் யாரும் முன்பே சொல்லவில்லை, எச்.ஐ.வி. உள்ளவனுக்குக் குழந்தை எதற்கு என்று நினைத்தார்களோ, மறந்துவிட்டார்களோ தெரியாது. என் மனைவி அதைப் பற்றி இன்றும் பேசுவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது அந்த இளம் மருத்துவர் செய்ததைத்தான். விரையில் கட்டியோடு எங்களில் ஒருவர் வந்தால், அடிவயிற்றோரம் கீறிச் செய்யும் முறையான அறுவையை மற்றவருக்குச் செய்வதுபோல் உரிய நாளில் செய்யுங்கள். புற்றுநோய் மருந்து தொடங்கும் முன் அவர் எடுக்கும் கூட்டு மருந்தின் பெயரைக் கேட்டு, அவருடைய ஏ.ஆர்.டி. மையத்தோடு பேசுங்கள், சிகிச்சைக்குத் தேவைப்படும்போது மருத்துவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள மேற்சொன்ன சட்டமே இடம் தருகிறது. ஏ.ஆர்.டி. மைய மருத்துவர்களே, அந்த அழைப்பு வராவிட்டால் நீங்கள் அழையுங்கள்; புற்றுநோய்ப் பிரிவின் சீட்டில் எழுதி அனுப்புவது போதாது, அந்தச் சீட்டு எங்கள் சட்டைப் பையிலேயே தங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
அடுத்த மாதம் ஸ்கேனுக்கு வரவிருக்கும் உங்கள் நோயாளி