சீலோவில் கொஞ்சம் நில்லுங்கள்: ஓர் இளம் போதகருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எரேமியா தீர்க்கதரிசியின் புஸ்தகம் 7-ஆம் அதிகாரத்தில் பேசினீர்கள். கர்த்தர் சீலோ என்ற பழைய ஆராதனை ஊருக்குச் செய்ததைப் பார்க்கச் சொல்லும் 12-ஆம் வசனம் வந்ததும் "சீலோவும் அழிந்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, செய்திகளில் வரும் யுத்தங்களுக்கும் வெள்ளங்களுக்கும் போய்விட்டீர்கள். பாவத்துக்காகக் கர்த்தர் அக்கினியால் கவிழ்த்த சோதோம் பட்டணத்துக்கு நேர்ந்தது இன்று அந்த தேசங்களுக்கு நேர்கிறது என்றீர்கள். சபையில் பலர் தலையசைத்தார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. இப்படிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், உங்கள் பெயரைச் சொல்லாமல் பொதுவிலேயே எழுதுகிறேன். அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எரேமியா பேசிய நேரத்தைப் பாருங்கள். யோசியா ராஜா போரில் மாண்டு, யோயாக்கீம் பட்டத்துக்கு வந்த தொடக்கம், கி.மு. 609-ஐ ஒட்டிய காலம். அதற்குச் சுமார் 90 வருஷங்களுக்கு முன், கி.மு. 701-ல், அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் பட்டணங்களையெல்லாம் பிடித்தும் எருசலேம் மட்டும் தப்பியது. ஆலயம் இருக்கும்வரை நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் அதனால் ஊறிப்போயிருந்தது. "கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று முறை அடுக்கிச் சொல்லி நம்பிக்கொண்டிருந்த ஜனங்களிடம்தான், சீலோவுக்குப் போய்ப் பாருங்கள் என்கிறார் எரேமியா.

சீலோ அந்நியர் ஊர் இல்லை, தம்பி. எருசலேமில் ஆலயம் கட்டப்படும் முன் இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரம் நின்ற இடம். அன்னாள் அழுது ஜெபித்ததும், அவள் மகன் சாமுவேல் தீர்க்கதரிசி சிறுபிள்ளையாக வளர்ந்ததும் அங்கேதான். அங்கே ஆசாரியனாயிருந்த ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலியைப் பறித்துத் தின்றார்கள். பெலிஸ்தரிடம் தோற்றபோது இஸ்ரவேலர் மனந்திரும்பவில்லை. கர்த்தரின் உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தால் ஜெயித்துவிடலாம் என்று பாளயத்துக்குத் தூக்கிவந்து பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். அன்றைக்கு 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. ஊருக்கு என்ன ஆனது என்று சாமுவேலின் புஸ்தகம் சொல்வதில்லை. 78-ஆம் சங்கீதமும் எரேமியாவும்தான் சொல்கிறார்கள். 1980-களில் அங்கே தோண்டியவர்கள், கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் எரிந்து இடிந்த கட்டடங்களையும் அவற்றுக்குள் நொறுங்கிக் கிடந்த பெரிய ஜாடிகளையும் கண்டார்கள்.

பெட்டியைச் சுமந்த தகப்பன்மாரும் ஆலயத்தைச் சொல்லி நிம்மதியாக இருந்த பிள்ளைகளும் செய்தது ஒரே காரியம். எரேமியா பழைய நியாயத்தீர்ப்பை எடுப்பது இந்த ஒற்றுமைக்காகத்தான்.

இன்னொன்று. ஏலியின் வம்சத்து அபியத்தாரை சாலொமோன் ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளி ஆனதோத் என்ற ஊருக்கு அனுப்பினான். சீலோவில் ஏலியின் வீட்டைக் குறித்துச் சொல்லப்பட்ட வார்த்தை அப்படி நிறைவேறியது என்று இராஜாக்களின் புஸ்தகம் எழுதுகிறது. எரேமியா யார்? அதே ஆனதோத்தின் ஆசாரியரில் ஒருவர். ஏலியின் வம்சம்தான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நானும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சீலோ என்ற பெயரை அவர் வாயால் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தன் ஊரின் காயத்தைக் காட்டித்தான் அவர் பேசினாரோ என்று தோன்றுகிறது.

சோதோமும் அப்படித்தான். ஏசாயா முதல் அதிகாரத்தில் "சோதோமின் அதிபதிகளே" என்று கூப்பிடுவது எருசலேமின் தலைவர்களை. எசேக்கியேல் 16-ல் சோதோமை எருசலேமின் சகோதரி என்கிறார். அவள் அக்கிரமம் கர்வமும், ஆகாரத் திரட்சியும், எளியவனின் கையைப் பலப்படுத்தாததும் என்று பட்டியலிடுகிறார். ஆமோஸ் இன்னும் கடுமை. எகிப்தின் தலைப்பிள்ளைகள் மாண்ட இரவில் கர்த்தர் எகிப்தைக் கடந்துபோனார். இப்போது உன் நடுவே கடந்துபோவேன் என்று அதே கர்த்தர் இஸ்ரவேலிடமே சொல்வதாக ஆமோஸ் அறிவிக்கிறார். அந்த இரவின் விடுதலையை நினைத்துப் பஸ்காவைக் கொண்டாடுகிற ஜனங்கள் எகிப்தின் இடத்தில் நிற்கிறார்கள்! பிற தேசங்களுக்கும் தீர்க்கதரிசனம் உண்டுதான். பாபிலோன் சோதோமைப்போல் கவிழும் என்றும் ஏசாயா சொல்கிறார். ஆனால் நான் இங்கே எடுத்த தீர்க்கதரிசிகளில், தன் வீட்டை விட்டுவிட்டு அயலான் வீட்டை மட்டும் காட்டியவர் ஒருவரும் இல்லை.

ஓசியா 11-ஐயும் திறந்து பாருங்கள். சோதோமோடு கவிழ்ந்த அத்மாவையும் செபோயீமையும் அங்கே தேவனே நினைக்கிறார். நினைத்தபடியே, "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று இஸ்ரவேலுக்காகக் கலங்குகிறார். நான் கேட்ட தீர்க்கதரிசனப் பிரசங்கங்களில் இந்தக் கலக்கத்தைக் கேட்டதே இல்லை, தம்பி. பழைய அழிவைச் சொல்கிறவரின் குரல் உடைய வேண்டாமா?

அடுத்த வாரம் எரேமியா 26-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். சீலோவைச் சொன்னதற்காக எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ஆசாரியர்களே கூச்சலிடும்போது, மூப்பர்கள் சிலர் எழுந்து முன்னாளில் இருந்த மீகா தீர்க்கதரிசியை நினைப்பூட்டுகிறார்கள். சீயோன், அதாவது எருசலேம், வயலைப்போல் உழப்படும் என்று மீகா சொன்னார். எசேக்கியா ராஜா பயந்து கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணினான். சொல்லப்பட்ட தீங்கு அன்று வரவில்லை. அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வசனங்களில் உரியா என்ற தீர்க்கதரிசி வருகிறார். எரேமியாவைப்போலவே பேசி, எகிப்துக்கு ஓடி, யோயாக்கீமின் ஆட்களிடம் பிடிபட்டு, பட்டயத்தால் வெட்டுண்டவர். கேட்ட ராஜாவையும் கொன்ற ராஜாவையும் வேதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. இரண்டையும் சபையில் முழுசாக வாசியுங்கள்.

ஜெபத்துடன்,
உங்கள் அக்கா